கமுதிப் பக்கத்துக் கண்மாய்களில் பறவை பார்க்க: பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கு 30 குறிப்புகள்

கமுதி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு வறட்சியும் சீமைக் கருவேலமும்தான் நினைவுக்கு வரும். ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்து கண்மாய் பெருகிய ஒரு மார்கழிக் காலையில் இந்தப் பக்கம் வந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்குத் தரப்படும் ராம்சர் தகுதி தமிழ்நாட்டில் 20 இடங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அவற்றில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், மன்னார் வளைகுடா ஆகிய 5 இடங்கள் இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் உள்ளன.

பறவைகள் தவறாமல் வருகின்றன. அவற்றைப் பார்க்கக் கரையில் நிற்பவர்களில் இளவட்டம் குறைவு. ஒரு கண்மாயில் என்னென்ன வாழ்கிறது என்று தெரிந்த பிள்ளைகள் ஊருக்கு நாலு பேர் இருந்தால் போதும், நாளைக்கு அந்தக் கண்மாய்க்காகப் பேச ஆள் இருக்கும். அதனால் இந்தக் குறிப்புகளில் பறவைக்கு எவ்வளவு இடமோ, புதிதாக வரும் பிள்ளைகளுக்கும் அவ்வளவு இடம்.

எங்கே, எப்போது?

1. கார்த்திகை பிறந்ததும் தொடங்குங்கள். வடகிழக்குப் பருவமழையில் கண்மாய்கள் நிரம்பி, தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டும். வடக்கிலிருந்து வலசை வரும் வாத்துகளும் உள்ளான்களும் அதே சமயத்தில் இறங்கும். நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் அதற்குள்ளேயே வருவது வசதி.

2. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள், மாலையில் மேற்குக் கரையில் நின்று கிழக்கே பாருங்கள். வெயிலுக்கு எதிராகப் பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். சூரியன் உதிக்கும்போது கரையில் இருந்துவிட்டால் முதல் இரண்டு மணி நேரம் பொன்னான நேரம். வெயில் ஏறியபின் தண்ணீர்ப்பரப்பில் கானல் ஆடும். அப்போது எவ்வளவு நல்ல பைனாகுலரிலும் தூரத்துப் பறவை கலங்கித்தான் தெரியும்.

3. முதல் பயணத்துக்கு முதுகுளத்தூர் பக்கத்துக் கண்மாய்கள் போதும். சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 1989-இல் பறவைகள் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டவை. பெரிய பறவைகள் கூட்டமாகக் கூடு கட்டும் இடங்கள் என்பதால் பைனாகுலர் இல்லாத பிள்ளைக்கும் ஏமாற்றம் இருக்காது. போவதற்கு முன்தினம், கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா, பறவை இறங்கியிருக்கிறதா என்று அந்த ஊர்க்காரர் யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

4. அடுத்தடுத்த பயணங்களுக்குக் கொஞ்சம் தள்ளிப் போகலாம். சாயல்குடிப் பக்கம் மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர் சரணாலயம் 593 ஹெக்டேர் பரந்த இடம், 1998-இல் அறிவிக்கப்பட்டது. நயினார்கோவில் பக்கத்தில் தேர்த்தங்கல் இருக்கிறது. இராமநாதபுரம் நகரை ஒட்டியே சக்கரக்கோட்டைக் கண்மாய் இருப்பதால், ஏதோ வேலையாக மாவட்டத் தலைநகருக்குப் போகும் நாளில்கூடக் காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பார்த்துவிடலாம்.

5. பருவத்தில் ஒருமுறையாவது கடலோரம் போய்வாருங்கள். கண்மாயில் காண முடியாத கடற்காகங்களும் ஆலாக்களும் தனுஷ்கோடி மணல்திட்டுகளில் கூட்டம் கூட்டமாக நிற்கும். அங்குள்ள நீர்ப்பரப்புகளுக்குப் பூநாரைகள் வருவதால், 2025 ஜூன் 5 அன்று தமிழக அரசு அப்பகுதியைப் பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவித்தது. மொத்தப் பரப்பு சுமார் 525 ஹெக்டேர். பூநாரை தலையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தண்ணீரை அலகால் சலித்துத் தின்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் தெரிபவை இளம் பறவைகள். இரையில் உள்ள நிறமிகள் உடம்பில் சேரச் சேரத்தான் ரோஜா நிறம் ஏறும்.

6. வண்டி, வாடகை இல்லாத நாளில் ஊரைச் சுற்றியே பாருங்கள். குண்டாற்றங்கரை, ஊருணி, நெல் வயல், மிளகாய்க் கொல்லை எல்லாம் நல்ல இடங்கள். மின்கம்பிகளில் கரிச்சானும் பனங்காடையும் உட்கார்ந்திருக்கும். அவற்றோடு குளிர்காலத்தில் மட்டும் வரும் பழுப்புக் கீச்சான், தகைவிலான், நீலவால் பஞ்சுருட்டான் இருக்கிறதா என்று பாருங்கள். பனை மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பறப்பது பனை உழவாரன். தினமும் நடந்து போகும் வழியில் பார்க்கிற பிள்ளைதான் இந்தப் பழக்கத்தில் நிலைக்கும்.

7. மழை பொய்த்த வருடத்திலும் போங்கள். தண்ணீர் இல்லையென்றால் நாரை கூடு கட்டாது, வாத்து வராது. “இன்றைக்கு ஒன்றுமே இல்லை” என்று பிள்ளைகள் முகம் வாடும். அன்றைக்கும் தேதி போட்டு, “கண்மாய் வறண்டிருக்கிறது, பறவை இல்லை” என்று எழுதச் சொல்லுங்கள். வராத வருடத்தின் பதிவு இருந்தால்தான் வந்த வருடத்தின் பதிவுக்கு மதிப்பு. மழைக்கும் பறவைக்கும் உள்ள தொடர்பு அந்த நோட்டிலேயே பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

கையில் என்ன வேண்டும்?

8. பைனாகுலர் வாங்கும்போது அதன் மேல் இருக்கும் எண்களைப் பாருங்கள். 8×42 என்றால் 8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். கண்மாய்க்கு இது போதும். சிறு பிள்ளைகள் கைக்கு 8×32 இலகுவாக இருக்கும். 20 மடங்கு, 30 மடங்கு என்று சொல்லி விற்கும் மலிவான பைனாகுலரை வாங்காதீர்கள். மடங்கு கூடக் கூடக் கை நடுக்கமும் பெரிதாகித் தெரியும். ஒருவரால் முடியாவிட்டால் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கலாம்.

9. பைனாகுலரைப் பிள்ளையின் கண்ணுக்குச் சரிசெய்து கொடுங்கள். முதலில் வாரைக் கழுத்தில் மாட்டிவிடுங்கள். இரண்டு குழல்களையும் அகட்டியும் நெருக்கியும் பார்த்து, ஒரே வட்டமாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். வலக்கண்ணை மூடிக்கொண்டு, தூரத்தில் உள்ள பெயர்ப்பலகை எழுத்து ஒன்றை நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணால் தெளிவாக்க வேண்டும். பிறகு இடக்கண்ணை மூடி, அதே எழுத்தை வலக்கண் குழலில் உள்ள வளையத்தைத் திருப்பித் தெளிவாக்க வேண்டும். அதற்குப்பின் நடுச்சக்கரம் மட்டும் போதும். மூக்குக்கண்ணாடி போட்ட பிள்ளையென்றால் ரப்பர் விளிம்பை மடக்கிவிடுங்கள். சூரியனை மட்டும் எக்காரணம் கொண்டும் பைனாகுலரில் பார்க்கக் கூடாது என்பதை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

10. “எங்கே இருக்கு, எனக்குத் தெரியலையே” என்று தடுமாறும் பிள்ளைக்கு ஒரு வழி. வெறும் கண்ணால் பறவையைப் பார்த்து, பார்வையை அங்கேயே நிறுத்தி, முகத்தை அசைக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். குனிந்து பைனாகுலரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை தவறிவிடும். வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி, தென்னங்குலை என்று ஒரு நாள் பழகிவிட்டால் கண்மாயில் சிரமம் இருக்காது.

11. கடலோரம் போய்வந்தால் பைனாகுலரை அப்படியே உறையில் போட்டு மூடாதீர்கள். முதலில் மணலை ஊதியும் மென்மையான தூரிகையால் தட்டியும் எடுத்துவிட்டு, பிறகு ஈரம் ஒற்றிய பருத்தித் துணியால் உப்பைத் துடைத்து உலரவிடுங்கள். மணலோடு துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும். மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில், புதுச் செருப்புப் பெட்டிக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களோடு சேர்த்து வைத்தால் தப்பிக்கும்.

12. உடையும் செருப்பும் முக்கியம். காக்கி, பழுப்பு, மங்கிய பச்சை நல்லது. பளிச்சென்ற வெள்ளையும் சிவப்பும் வேண்டாம். சீமைக் கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறிவிடும், ஆகவே ஷூ போடுங்கள். கரை மேல் உள்ள தடத்திலேயே நடங்கள். புதருக்குள்ளும் கல் இடுக்கிலும் விரியன் பாம்பு இருக்கும் பூமி இது. கண்மாயின் ஆழம் வெளியில் தெரியாது, மடைப் பக்கம் பிள்ளைகள் இறங்க விடாதீர்கள்.

13. பசியோடு இருக்கும் பிள்ளைக்குப் பறவை தெரியாது. சுண்டல், கடலை மிட்டாய், தை மாதமானால் அவித்த பனங்கிழங்கு, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். மொறுமொறுவென்று சத்தம் போடும் பாக்கெட் தின்பண்டம் வேண்டாம். கொண்டுபோன குப்பையைத் திரும்ப எடுத்துவர ஒரு மஞ்சப்பையும், கரையில் கிடக்கும் நைலான் வலைத் துண்டுகளை எடுக்க இன்னொன்றும் இருக்கட்டும். அந்த நூலில்தான் பறவைகளின் கால் சிக்குகிறது.

14. செல்போன் ஆப் இருந்தாலும் நோட்டுப் புத்தகத்தை விடாதீர்கள். மெர்லின், இ-பேர்ட் என்ற இரண்டு செயலிகளும் இலவசம். கண்மாய்க் கரையில் சிக்னல் கிடைக்காமல் போகலாம், தேவையான தொகுப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் செயலியில் பெயரைத் தேடுவதற்கு முன், பார்த்ததை நோட்டில் படமாக வரையச் சொல்லுங்கள். கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை. அலகை வரைய வேண்டுமென்றால் அலகை உற்றுப் பார்த்தாக வேண்டும்.

எப்படிப் பார்ப்பது?

15. அளவுக்கு ஊர்ப் பறவைகளையே அளவுகோலாக வையுங்கள். சிட்டு, மைனா, காகம், பருந்து என்ற நான்கு போதும். “மைனாவை விடப் பெரிசு, காக்காயை விடச் சின்னது, கால் நீளம், தண்ணீரில் நடக்குது” என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. நிறத்தைக் கடைசியில் கேளுங்கள். வெளிச்சத்துக்கு ஏற்ப நிறம் ஏமாற்றும், வடிவமும் நடையும் அவ்வளவாக ஏமாற்றாது.

16. முதல் நாளில் மூன்று பறவை போதும். அதில் ஒன்று மஞ்சள் மூக்கு நாரையாக இருக்கட்டும். அது இரை தேடுவதைக் கால் மணி நேரம் நின்று பாருங்கள். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, அலகைக் கொஞ்சம் திறந்தபடி தண்ணீருக்குள் விட்டு இப்படியும் அப்படியும் அசைக்கும். ஒரு காலால் சேற்றைக் கலக்கும். கலங்கி ஓடும் மீன் அலகின் உட்புறத்தில் பட்டவுடன் அலகு பட்டென்று மூடும். கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை, தொட்டு உணர்ந்து பிடிக்கிறது. இதைப் பார்த்த பிள்ளைக்கு நாரையின் பெயர் மறக்கவே மறக்காது.

17. அலகைப் பார்த்தால் சாப்பாடு தெரியும் என்று சொல்லிக் கொடுங்கள். நத்தைக்குத்தி நாரையின் அலகு மூடியிருக்கும்போதும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். இளம் பறவைக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் உண்டாகும். கரண்டிவாயன் தட்டையான அலகைத் தண்ணீரில் அரைவட்டமாக வீசிக்கொண்டே நடக்கும். அரிவாள் மூக்கன் வளைந்த அலகைச் சேற்றுக்குள் குத்தித் துழாவும். ஒரே கண்மாயில் இத்தனை பேர் சண்டையில்லாமல் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்ற கேள்வியைப் பிள்ளைகளே கேட்பார்கள்.

18. வாத்துகளை அடையாளம் காண அவசரப்படாதீர்கள். வலசை வரும் ஆண் வாத்துகள் வந்த புதிதில் பெட்டையைப் போலவே மங்கலாக இருக்கும். தை, மாசியில்தான் முழு நிறம் வரும். அப்போது நீலச்சிறகி ஆணின் புருவத்தில் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரியும், ஊசிவால் வாத்தின் வால் நீளும். சிறு உள்ளான்களை இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். குளிர்கால உடையில் அவற்றில் பலவும் ஒன்றுபோலத் தெரியும். தேர்ந்தவர்களே தயங்கும் இடத்தில் புதுப் பிள்ளையைத் திணறடிக்க வேண்டாம். நெடுங்கால் உள்ளான் மட்டும் விதிவிலக்கு. அதன் சிவந்த நீளக் கால்களை யாரும் தவறவிட முடியாது.

19. கூட்டத்தை எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் பத்துப் பறவைகளை ஒன்றொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனதில் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு கூட்டம் முழுவதும் அப்படி எத்தனை பத்து என்று எண்ணுங்கள். இரண்டு பிள்ளைகளைத் தனித்தனியாக எண்ணவிட்டு ஒப்பிட்டுப் பார்த்தால் வெகு சீக்கிரம் கை தேர்ந்துவிடும்.

20. வாடைக்காற்று வலுத்து வீசும் நாளில் கண்மாயின் நடுவே தேடாதீர்கள். வடக்குக் கரையோ மரக்கூட்டமோ காற்றை மறைக்கும் ஓரத்தில் வாத்துகள் ஒதுங்கியிருக்கும். ஓய்வெடுக்கும் பறவைகள் காற்றை எதிர்கொண்டுதான் நிற்கும். எல்லாம் ஒரே திசையைப் பார்த்து நிற்பது ஏன் என்று பிள்ளைகளைக் கேட்டு, ஒரு நிமிடம் யோசிக்க விடுங்கள்.

புதிதாக வரும் பிள்ளைகளை எப்படி வரவேற்பது?

21. முதல் பயணம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். “இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே” என்று பிள்ளை சொல்லும்போது கிளம்பினால் அடுத்த வாரம் அதுவே நம்மை எழுப்பும். ஒரு பெரியவருக்கு ஐந்தாறு பிள்ளைகள் போதும். ஒருவர் எண்ண, ஒருவர் எழுத, ஒருவர் பைனாகுலரில் பார்க்க என்று வேலையைப் பிரித்துக் கொடுத்து, கால் மணிக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். வேலை இருக்கும் பிள்ளை விளையாட்டுத்தனம் பண்ணாது.

22. முதல் பார்வை புதியவருக்கு. கரைக்குப் போனதும் பைனாகுலரை முதலில் கொடுக்க வேண்டியது அன்று புதிதாக வந்த பிள்ளைக்குத்தான். பழகியவர்கள் காத்திருக்கலாம், அந்தப் பறவையை அவர்கள் முன்பே பார்த்திருக்கிறார்கள். தண்ணீரில் நிற்கும் கூழைக்கடா பறந்து போவதற்குள் புதிய பிள்ளை பார்த்துவிட்டால், அந்தப் பயணத்தின் நோக்கம் அங்கேயே நிறைவேறிவிட்டது.

23. பரீட்சை வைக்காதீர்கள். “இது என்ன பறவை, சொல்லு பார்ப்போம்” என்று மற்றவர்கள் முன்னால் கேட்டால் கூச்சமுள்ள பிள்ளை வாயைத் திறக்காது. “அது என்ன பண்ணுது, பாரேன்” என்று கேளுங்கள், எல்லாப் பிள்ளையிடமும் பதில் இருக்கும். “அண்ணே, இதை எங்க ஐயா வேற பேருல்ல சொல்லுவாக” என்று யாராவது சொன்னால், தப்பு என்று திருத்தாமல் அந்தப் பெயரையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாத பறவை வந்தால், “எனக்கும் தெரியலை தம்பி, வா சேர்ந்து தேடுவோம்” என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைக்கு அதைவிட ஊக்கம் தரும் சொல் கிடையாது.

24. கவட்டை வைத்திருக்கும் பிள்ளையை விரட்டாதீர்கள். பறவை எங்கே அடையும், எந்த மரத்தில் கூடு என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். சிறுவன் சாலிம் அலி விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டுவிட்டு, தொண்டையில் மஞ்சளாக இருக்கிறதே என்று குழம்பி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அதை எடுத்துப் போனார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்டு, அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு நில்லாமல், பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து காட்டினார். படிக்கப் புத்தகமும் கொடுத்தார். இந்தியப் பறவையியலின் பெரும் அறிஞர் உருவானது அந்த அன்பான வரவேற்பிலிருந்துதான். பறவையை அடிப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லுங்கள், ஆனால் பைனாகுலரைக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள்.

25. பெண் பிள்ளைகள் வருவதற்கு வழி செய்யுங்கள். கேட்டால் வீட்டில் தயங்குவார்கள் என்று நாமே முடிவு செய்து அழைக்காமல் விடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. நேரில் போய் அம்மாவிடமும் அப்பாவிடமும் பேசுங்கள். போகும் இடம், திரும்பும் நேரம், உடன் வருபவர்கள் யார் என்று எழுதிக் கொடுங்கள். ஓர் ஆசிரியையோ, அத்தையோ, அக்காவோ கூட வரட்டும். வழியில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதையும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

26. “அந்தக் காலத்தில் எத்தனை பறவை தெரியுமா, இப்போ என்ன இருக்கு” என்று கரையில் நின்று புலம்பாதீர்கள். முதன்முதலாக ஐம்பது நாரையைப் பார்த்து வாய் பிளந்து நிற்கும் பிள்ளையிடம் அதைச் சொன்னால், தான் தாமதமாகப் பிறந்துவிட்டதாக அது நினைத்துக்கொள்ளும். பழைய நினைவுகளுக்கு வேறொரு பயன் உண்டு. எந்த வருடம், எந்தக் கண்மாய், என்ன பறவை என்று நினைவுள்ளவரை அந்தப் பிள்ளைகளிடம் சொல்லி எழுதவையுங்கள். பெரியவர் பேசப் பேசப் பிள்ளைகள் எழுதினால் ஊரின் பறவை வரலாறு அங்கேயே உருவாகும்.

27. வலசை பற்றிச் சொல்ல ஒரு நல்ல கதை இருக்கிறது. 2022-இல் மூக்கன் உள்ளான் இனத்தைச் சேர்ந்த ஓர் இளம் பறவை, முதுகில் சிறு கருவியைச் சுமந்துகொண்டு அலாஸ்காவில் கிளம்பி ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் இறங்கியது. 13,560 கிலோமீட்டர், 11 நாட்கள், நடுவில் எங்கும் இறங்கவில்லை. அப்போது அதன் வயது ஐந்து மாதம். அதுதான் அதன் முதல் வலசைப் பயணம். கண்மாயில் இறங்கும் வாத்துகளிலும் உள்ளான்களிலும் இப்படி முதன்முறை வருகிற குஞ்சுகள் உண்டு என்று சொல்லுங்கள்.

பறவைக்குத் தொந்தரவு இல்லாமல்

28. பறவை தலையை நிமிர்த்தினால் நில்லுங்கள். இரை தின்பதை நிறுத்தி, கழுத்தை நீட்டிப் பார்த்தால் நாம் நெருங்கிவிட்டோம் என்று பொருள். இரண்டடி பின்வாங்குங்கள். கூடுள்ள மரங்கள் பக்கம் போகவே கூடாது. தாய்ப்பறவை எழும்பினால் அந்த இடைவெளியில் காகம் வந்து முட்டையைக் கொத்திவிடும், குஞ்சு வெயிலில் வாடும். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளுக்காக ஊர் மக்கள் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் போதும், யாரும் கத்தமாட்டார்கள். படம் எடுப்பவர்கள் கூட்டை எடுக்க வேண்டாம், ஃப்ளாஷ் வேண்டாம், செல்போனில் பறவைக் குரலைப் போட்டு அழைக்கவும் வேண்டாம்.

29. கீழே விழுந்த குஞ்சையோ அடிபட்ட பறவையையோ கண்டால், பிள்ளைகள் வாயில் தண்ணீர் ஊற்ற ஓடுவார்கள். அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும், தடுத்துவிடுங்கள். நாரை, கொக்கு வகையென்றால் அலகால் கண்ணைக் குத்தும், குனிந்து நெருங்காதீர்கள். துணியைப் போர்த்தி, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து வனத்துறைக்குத் தெரிவியுங்கள். காலில் உலோக வளையம் உள்ள பறவையைக் கண்டால் அதிலுள்ள எழுத்தையும் எண்ணையும் குறித்து, முடிந்தால் படமெடுத்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். கோடியக்கரையில் அக்கழகத்தார் பல ஆண்டுகளாக வளையமிட்டு வருகிறார்கள். உங்கள் பிள்ளையின் கடிதம் ஒரு பறவையின் பயணத்தை அவர்களுக்குச் சொல்லலாம்.

30. நாட்காட்டியில் நான்கு நாட்களைக் குறித்து வையுங்கள். நவம்பர் 12 சாலிம் அலி பிறந்த நாள், முதல் பயணத்துக்குத் திட்டமிட ஏற்றது. பிப்ரவரி 2 உலக ஈரநில நாள், பள்ளியில் பேச ஏற்றது. பிப்ரவரி நடுவில் உலகெங்கும் வீட்டுப்பக்கப் பறவைகளைக் கணக்கெடுப்பார்கள். இவற்றைவிட நமக்கு நெருக்கமானது பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. 2015 முதல் நடக்கிறது. பொங்கலை ஒட்டிய நாட்களில் இருக்கும் இடத்திலேயே குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி இ-பேர்டில் பதிய வேண்டும், அவ்வளவுதான். சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பிள்ளைகள் ஊருக்கு வந்திருக்கும் சமயம் அது. அவர்களை உள்ளூர்ப் பிள்ளைகளோடு சேர்த்துக் கரைக்கு அனுப்புங்கள். வழிகாட்ட உள்ளூர்ப் பிள்ளை முன்னால் நடக்கட்டும். பட்டியலைப் பதியும்போது “கமுதி அருகே” என்று பொதுவாக எழுதாமல், உங்கள் கண்மாயின் பெயரை முழுதாக எழுதச் சொல்லுங்கள். நாளை யாராவது அந்தக் கண்மாயில் என்ன இருக்கிறது என்று கேட்டால், பதிலும் சான்றும் பிள்ளைகளின் கையிலேயே இருக்கும்.